தொண்டு நிறுவனத்துக்கு மூன்றாண்டுத் திட்டம் போடுவது எப்படி? வரிசை தவறாமல் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

தலைமைப் பொறுப்பு, நிறுவனத் திட்டமிடல், பொருளாதார ஆய்வு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஆட்கள் இருப்பது பெரிய தொண்டு நிறுவனங்களில்தான். பதினைந்து இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் மூன்றும் ஒருவர் தலையில்தான் விழும். அவருக்கு வரும் முதல் பெரிய பரீட்சை மூன்றாண்டுத் திட்டம்.

இந்த வேலைக்காகப் பல நிறுவனங்களோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. பொருளாதாரம் படித்துவிட்டு வந்தவர் நேராகத் தரவுக்குள் இறங்கிவிடுவார். நம் விருப்பப்படி செலவழிக்கக்கூடிய பணம் எவ்வளவு இருக்கிறது என்று மூன்றாவது மாதம்தான் கேட்பார். களத்திலிருந்து படிப்படியாக உயர்ந்து வந்தவர், தொலைநோக்கு வாசகம் எழுதவே இரண்டு நாள் கூட்டம் போடுவார். இருவரிடமும் திறமைக்குக் குறைவில்லை. எதை முதலில் செய்வது என்பதில்தான் இடறுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றியது. முழு வேலைக்கும் நான்கு மாதம் ஒதுக்குங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்குகள் வேண்டும். நடப்பில் உள்ள எல்லா மானிய ஒப்பந்தங்களும் முழுப் பிரதியாக வேண்டும். யாரோ எழுதிவைத்த சுருக்கம் போதாது. ஒரு செலவுத் தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு மாற்றலாம், மிச்சப் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, முன்பணமா அல்லது செலவழித்த பிறகு ஈடுகட்டுவார்களா என்பதெல்லாம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும். மூன்றாண்டுத் திட்டத்தைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்தப் பக்கங்கள்தான்.

பணியாளர் பட்டியலைச் சம்பளத்தோடும் ஒப்பந்தம் முடியும் தேதியோடும் வாங்குங்கள். கடந்த 24 மாதங்களில் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வங்கியில் இருந்த கையிருப்பையும் கேளுங்கள். பயனாளிகளின் எண்ணிக்கையோடு, அதை எப்படி எண்ணினார்கள் என்பதும் தெரிய வேண்டும். ஒரே ஆள் மூன்று பயிற்சிக்கு வந்தால் மூன்று என்று எண்ணும் நிறுவனங்கள் ஏராளம்.

இவை வந்துசேர இரண்டு வாரம் ஆனாலும் காத்திருங்கள். பாதி ஆவணத்தோடு ஆரம்பித்தால், பிற்பாதி வரும்போது முதல் அத்தியாயத்திலிருந்து மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

1. முடிவெடுப்பவர் யார் என்பதை எழுத்தில் வாங்குங்கள்

முதல் வாரத்திலேயே ஒரு பக்கக் குறிப்பு தயாரியுங்கள். திட்டத்துக்கு ஒப்புதல் தருவது நிர்வாகக் குழுவா, செயல் இயக்குநரா? ஒரு திட்டப்பணியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? சேமிப்பு நிதியில் கை வைக்க யார் அனுமதி வேண்டும்? மூன்றுக்கும் பதில் எழுதி, தலைவரிடமும் பொருளாளரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

வேலை தொடங்கும்போது எல்லோரும் நல்ல மனநிலையில் இருப்பார்கள். அப்போது இந்தக் கேள்விகளைக் கேட்பது சுலபம். நான்காவது மாதம், ஒரு பழைய திட்டப்பணியை மூடலாம் என்ற பேச்சு வரும்போது இதே கேள்வியைக் கேட்டால் அது அந்தத் திட்டப்பணியை நடத்துபவருக்கு எதிரான கேள்வியாகிவிடும்.

2. பணத்தை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

முதல் குவியல், நிபந்தனையோடு வந்த பணம். இன்ன வேலைக்கு, இன்ன தேதிக்குள் என்று கட்டுப்பட்டது. இரண்டாவது, எந்தத் தேவைக்கும் எடுக்கக்கூடிய பொது நிதி. மூன்றாவது, ‘வரும்’ என்று எல்லோரும் சொல்லும் பணம்.

மூன்றாவது குவியலைத் தனித் தாளில் எழுதி ஓரமாக வையுங்கள். திட்டத்தின் எலும்புக்கூடு முதல் இரண்டையும் கொண்டுதான் நிற்க வேண்டும். ஆண்டு வரவில் நிபந்தனை நிதி 90 சதவீதம் என்றால், அந்த நிறுவனம் திட்டமிடக்கூடியது மீதிப் பத்தைத்தான். மற்ற தொண்ணூறுக்கான திட்டத்தை நிதி கொடுத்தவர் ஏற்கெனவே போட்டுவிட்டார். கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனாலும் இந்த உண்மையை முதல் மாதத்திலேயே நிர்வாகக் குழுவுக்குக் காட்டிவிட வேண்டும்.

பொது நிதியில் எத்தனை மாதச் செலவு தாங்கும் என்பதையும் இங்கேயே கணக்கிடுங்கள். மூன்று முதல் ஆறு மாதம் வரை தாங்கினால் நல்லது என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒரு மாதம்கூடத் தாங்காது என்றால், திட்டத்தின் முதல் இலக்கு புதிய சேவையாக இருக்கக் கூடாது; கையிருப்பைக் கட்டி எழுப்புவதாக இருக்க வேண்டும்.

3. ஒரு ஆளுக்கு ஆகும் உண்மைச் செலவைக் கண்டுபிடியுங்கள்

எவ்வளவு நேரம் பிடித்தாலும் அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் இந்த எண்ணின் மேல்தான் நிற்கப்போகிறது.

ஒரு மாலை நேரப் பாட வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு 24 லட்சம், சேர்ந்த மாணவர்கள் 400 பேர். தலைக்கு 6,000 என்று அறிக்கையில் இருக்கும். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். பத்தில் எட்டு நாளாவது வந்தவர்கள் 250 பேர்தான் என்றால் செலவு 9,600 ஆகிறது. வாடகை, கணக்கர், தணிக்கை, இயக்குநரின் நேரம் என்று பொதுச் செலவில் இந்த வகுப்பின் பங்கு 6 லட்சம் என்றால், 30 லட்சத்தை 250 ஆல் வகுக்க வேண்டும்: 12,000. அறிக்கையில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு.

6,000 என்ற எண்ணை நம்பி அடுத்த ஆண்டு இன்னும் 200 பேரைச் சேர்ப்பதாக ஒரு நிதியாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தப் பள்ளம் ஆசிரியர்களின் சம்பளத்திலிருந்துதான் நிரப்பப்படும்.

பொதுச் செலவைப் பிரிக்கப் பணியாளர்களின் நேரக் கணக்கு வேண்டும். இரண்டு வாரம் குறித்தால் போதும். ஒரு களப்பணியாளரின் நோட்டை அவருடனே உட்கார்ந்து கூட்டியிருக்கிறேன். ‘பத்து வீடு போனேன், நாலு வீடு பூட்டு’ என்று ஒரு நாள். ‘காலை முழுக்க ஃபார்ம்’ என்று அடுத்த நாள். இரண்டு வாரத்தில் 84 மணி நேர வேலை. குழந்தைகளோடு இருந்தது 31 மணி. மூன்று நிதியாளர்களுக்கு ஒரே தகவலை மூன்று வடிவத்தில் எழுதியது 22 மணி. கூட்டி முடித்ததும் அவர் நோட்டை மூடிவிட்டு, “இது தெரிஞ்சா எனக்குத் திட்டு விழுமா சார்?” என்று கேட்டார். அந்த 22 மணி நேர வேலைக்கு நிறுவனத்தின் எந்தத் திட்டத்திலும் பெயர்கூட இல்லை.

நேரக் கணக்கு கேட்கும்போது, இது யாரையும் மதிப்பிட அல்ல என்று முன்கூட்டியே, இயக்குநர் வாயாலேயே சொல்ல வையுங்கள். சொல்லாவிட்டால் எல்லா நோட்டிலும் எட்டு மணி நேரக் களப்பணி என்றே இருக்கும்.

4. வெளித்தரவை எடுக்கும் முன் அது எப்படிப் பிறந்தது என்று பாருங்கள்

உள்கணக்கு தெளிந்த பிறகுதான் வெளியே போக வேண்டும். நம்மால் எத்தனை பேருக்கு, எவ்வளவு தூரம் போக முடியும் என்று தெரிந்தால்தான் எந்தத் தரவைத் தேடுவது என்பதும் தெரியும். தலைகீழாகச் செய்பவர்கள் நாற்பது பக்கம் பின்னணி எழுதுவார்கள். அதிலிருந்து ஒரு முடிவுகூடப் பிறக்காது.

அரசுப் புள்ளிவிவரம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, உலக வங்கித் தரவு என எதை எடுத்தாலும் மூன்று விஷயங்களை எண்ணுக்குப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்: எந்த ஆண்டு, எந்த வரையறை, எப்படிக் கேட்டார்கள்.

வரையறைக்கு ஒரு உதாரணம். உலக வங்கியின் கடும் வறுமைக் கோடு நாளொன்றுக்கு 1.90 டாலராக இருந்தது. 2022 செப்டம்பரில் 2.15 ஆனது, 2025 ஜூனில் 3 டாலர் ஆனது. வாங்கும் திறனைக் கணக்கிடும் அடிப்படை ஆண்டு (எந்த ஆண்டின் விலைகளை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பது) 2011, 2017, 2021 என்று மாறியது இதில் பெரிய காரணம். ஒரு பழைய அறிக்கையின் சதவீதத்தையும் புதிய அறிக்கையின் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘வறுமை ஏறியிருக்கிறது’ என்று எழுதினால், அளவுகோல் மாறியதைத்தான் எழுதியிருப்போம்.

அடிப்படை ஆண்டுக்கு இன்னொன்று. 2014 ஏப்ரலில் நைஜீரியா தன் உள்நாட்டு உற்பத்திக் கணக்கின் அடிப்படை ஆண்டை 1990இலிருந்து 2010க்கு மாற்றியது. 2013ஆம் ஆண்டுக்கான உற்பத்தி, காகிதத்தில் ஒரே நாளில் 89 சதவீதம் கூடிவிட்டது. முந்தின நாளுக்கும் மறுநாளுக்கும் இடையில் ஒரு குடும்பத்தின் அடுப்பங்கரையிலும் எதுவும் மாறவில்லை.

‘எப்படிக் கேட்டார்கள்’ என்பதைப் புதியவர்கள் பார்ப்பதே இல்லை. இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் 1999-2000இல் நடந்த 55ஆவது சுற்று இதற்கு நல்ல பாடம். உணவுச் செலவை அந்தச் சுற்றில் கடந்த 30 நாளுக்கும், கடந்த 7 நாளுக்கும் ஒரே குடும்பத்திடம் அடுத்தடுத்துக் கேட்டார்கள். முந்தைய பெரிய சுற்றுகளில் 30 நாளுக்கு மட்டும் கேட்பதே வழக்கம். இரண்டும் ஒரே மூச்சில் கேட்கப்படும்போது, பதில் சொல்பவர் ஒன்றை மற்றொன்றோடு ஒத்துப்போகச் செய்துவிடுவார். 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 ஆகக் குறைந்தது என்று அதிகாரப்பூர்வக் கணக்கு வந்தது. அந்த இரண்டு எண்களையும் ஒப்பிடலாமா என்று பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் விவாதித்தார்கள். ஆங்கஸ் டீட்டன் அந்த விவாதத்தில் முக்கியமானவர். நுகர்வு, வறுமை, நலன் பற்றிய ஆய்வுக்காக 2015இல் அவருக்கு நோபல் கிடைத்தது. ஒரு நாட்டின் வறுமைக் கணக்கையே கேள்வித்தாளின் ஒரு பத்தி குழப்பிவிடும் என்றால், நம்முடைய சின்ன சர்வேயில் கேள்வியை நடுவழியில் மாற்றுவது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள்.

இதே படியில் இன்னொரு தேடலும் உண்டு: நாம் செய்ய நினைக்கும் வேலையை அதே இடத்தில் வேறு யார் செய்கிறார்கள்? வளர்ச்சித் திட்டங்களை மதிப்பிட வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடியின் உதவிக் குழு ஐந்து அளவுகோல்களை வைத்திருந்தது. 2019இல் ஒத்திசைவு என்பதை ஆறாவதாகச் சேர்த்தது. மற்றவர்களின் வேலையோடு நம் வேலை பொருந்துகிறதா, முட்டுகிறதா என்ற கேள்விதான் அது. இரண்டு நாள் ஒதுக்கி நாலு இடத்துக்கு நேரில் போய்ப் பேசினால் தெரிந்துவிடும்.

5. சொந்தமாகச் சர்வே எடுப்பதாக இருந்தால்

முதலில் கேட்க வேண்டியது, தேவைதானா என்பது. எந்தப் பதில் வந்தால் நம் முடிவு மாறும் என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் சர்வே வேண்டாம். மக்களின் ஒரு மணி நேரத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம். அதற்கு விலை உண்டு.

தேவை என்று முடிவானால் அடுத்தது எண்ணிக்கை. ‘384 பேர் போதும்’ என்று எங்கோ படித்துவிட்டு வருவார்கள். முற்றிலும் தற்செயலாகத் தேர்ந்தெடுத்த ஆட்களிடம், எத்தனை சதவீதம் பேர் என்பதை, 95 சதவீத நம்பகத்தோடு, ஐந்து புள்ளி முன்பின்னாக ஒருமுறை அறிய வேண்டுமென்றால் 384 சரி. நாம் அப்படிச் செய்வதில்லை. கிராமம் கிராமமாகப் போய் ஒவ்வொன்றிலும் இருபது வீடு எடுக்கிறோம். ஒரே கிராமத்தார் ஓரளவு ஒரே மாதிரி இருப்பார்கள் என்பதால், இருபதாவது வீடு புதிதாகச் சொல்வது குறைவு. அந்த ஒற்றுமையின் அளவு (சுழியம் என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒரே மாதிரி) 0.05 என்றால், 1 + 19 × 0.05 = 1.95 மடங்கு வேண்டும். 384 என்பது 749 ஆகிறது. பத்தில் ஒருவர் பேச மறுப்பார் என்று சேர்த்தால் 832 வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

மாற்றத்தை அளக்க வேண்டுமென்றால் கணக்கே வேறு. 50 சதவீதம் 60 ஆனதைப் பிடிக்க, ஒப்பிடும் இரண்டு குழுவிலும் தலா ஏறத்தாழ 390 பேர். 55 ஆனதைப் பிடிக்க ஏறத்தாழ 1,560 பேர். கிராம மடங்கு இதற்கு மேல். பிடிக்க வேண்டிய மாற்றம் பாதியானால் சாம்பிள் நான்கு மடங்காகும். இதைப் பார்த்த பிறகு பல நிறுவனங்கள் சர்வேயைக் கைவிட்டு வருகைப் பதிவேட்டை ஒழுங்காக வைக்கத் தொடங்கின. அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

கடைசியாகப் பருவம். முதல் கணக்கெடுப்பை விதைப்புக்கு முந்தைய வறட்சி மாதத்திலும், இரண்டாவதை அறுவடை முடிந்த கையோடும் எடுத்தால், எந்தத் திட்டமும் இல்லாமலே வருமானம் உயர்ந்திருக்கும். இரண்டையும் ஒரே மாதத்தில் எடுங்கள். திட்டத்தின் தேதிகளை எழுதும்போதே இந்த மாதங்களைப் பூட்டிவிடுங்கள். பிறகு எல்லோருக்கும் வேறு அவசரம் வந்துவிடும்.

6. ‘ஏனென்றால்’ என்ற சொல்லை வைத்துச் சங்கிலியைச் சோதியுங்கள்

இப்போதுதான் என்ன செய்யப்போகிறோம் என்று எழுதும் கட்டம். ஒவ்வொரு வேலைக்கும் ‘இது நடந்தால் அது நடக்கும், ஏனென்றால்…’ என்று எழுதுங்கள். ‘தையல் பயிற்சி கொடுத்தால் பெண்களின் வருமானம் கூடும், ஏனென்றால் பயிற்சி பெற்றவர்களுக்கு வேலை கிடைக்கும்.’ கிடைக்குமா? யார் கொடுப்பார்? அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே எத்தனை தையல்காரர்கள் இருக்கிறார்கள்? நான்காவது படியில் எடுத்த தரவு இங்கேதான் வேலைக்கு வரும். பதில் இல்லாத ‘ஏனென்றால்’ எல்லாவற்றையும் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.

பல நிதியாளர்கள் இதை லாக்ஃபிரேம் என்ற அட்டவணையில் கேட்பார்கள். 1969இல் அமெரிக்க வளர்ச்சி உதவி நிறுவனத்துக்காக உருவான வடிவம் அது. நாலுக்கு நாலு கட்டம். கடைசிப் பத்தி அனுமானங்களுக்கு உரியது. எல்லோரும் அதை இறுதியில், களைத்த பிறகு, ‘அரசியல் சூழல் அமைதியாக இருக்கும்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். நீங்கள் அந்தப் பத்தியை முதலில் நிரப்புங்கள். சிவப்பு வட்டம் போட்டவை எல்லாம் அங்கேதான் போக வேண்டும்.

இன்னொரு பொதுவான பிழை: நாம் செய்ததையும் அவர்களிடம் மாறியதையும் ஒன்றாக எண்ணுவது. 40 பயிற்சி நடத்தினோம் என்பது நம் வேலை. ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்பதுதான் மாற்றம். இரண்டுக்கும் தனித்தனி வரிசை போடுங்கள்.

7. எதை நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள்

புதியதைச் சேர்க்கும் முன் இது முடிந்திருக்க வேண்டும். மூன்றாவது படியின் செலவும் ஆறாவது படியின் சங்கிலியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எந்த வேலை தாங்காது என்பது தெரியும். ஆனாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒவ்வொரு திட்டப்பணிக்குப் பின்னாலும் அதைக் கட்டி வளர்த்த ஒருவர் அதே அறையில் உட்கார்ந்திருப்பார்.

நான் பின்பற்றும் வழி: கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாக, ‘பொது நிதி நாளைக்கே கால்வாசி குறைந்தால் எதைக் கடைசி வரை காப்பாற்றுவீர்கள்?’ என்று கேட்பேன். எதை மூடலாம் என்று கேட்டால் சொல்லத் தயங்குபவர்கள், எதைக் காப்பாற்றுவது என்று கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். யார் பட்டியலிலும் வராததுதான் நாம் பேச வேண்டியது.

நிறுத்துவதற்கும் பட்ஜெட் வேண்டும். அறிவிப்புக் காலச் சம்பளம், பயனாளிகளை வேறிடத்தில் சேர்த்துவிடும் வேலை, நிதியாளருக்குச் சொல்ல வேண்டிய முறையான கடிதம் எல்லாம் அதில் அடங்கும். குறைந்தது ஒரு காலாண்டு. அந்த வகுப்புக்கு வரும் பிள்ளையின் அம்மாவுக்கு, கதவு மூடியிருப்பதைப் பார்த்துத்தான் செய்தி தெரிய வேண்டும் என்ற நிலை வரக் கூடாது.

8. பட்ஜெட்: ஆண்டுக் கூட்டலை நம்பாதீர்கள்

முதலில் விலைவாசி. ஆண்டுச் செலவு 24 லட்சம் என்றால் மூன்றாண்டுக்கு 72 லட்சம் என்று எழுதிவிடுகிறார்கள். விலை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் இரண்டாம் ஆண்டு 25.44, மூன்றாம் ஆண்டு 26.97, மொத்தம் 76.41 லட்சம். 4.41 லட்சம் குறைகிறது. அந்தக் குறை மூன்றாம் ஆண்டில் சம்பள உயர்வு இல்லை என்ற வடிவில் வந்து நிற்கும். மானியம் வெளிநாட்டுப் பணத்தில் வருமென்றால், மாற்று விகிதம் பத்து சதவீதம் எதிராகப் போனால் என்ன ஆகும் என்று ஒரு வரிசை சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது, மாதவாரிக் கையிருப்பு. ஒரு இளைஞர் கொண்டுவந்த எக்ஸெல் தாளில் ஆண்டு வரவு 60 லட்சம், செலவு 58 லட்சம். இரண்டு லட்சம் மிச்சம் என்று பச்சை நிறத்தில் காட்டியிருந்தார். மாதம் மாதமாகப் பிரித்தோம். தொடக்கக் கையிருப்பு 6 லட்சம். முதல் மாதம் 20 லட்சம் வருகிறது. மீதி 40 லட்சம் பத்தாவது மாதம். மாதச் செலவு ஏறத்தாழ 4.83 லட்சம். ஐந்தாம் மாதக் கடைசியில் 1.8 லட்சம் இருக்கிறது. ஆறாம் மாதக் கடைசியில் 3 லட்சம் பற்றாக்குறை. ஒன்பதாம் மாதக் கடைசியில் பற்றாக்குறை 17.5 லட்சம். பச்சை நிற ஆண்டில் நான்கு மாதம் சம்பளம் போட முடியாது. இந்தத் தாளை நிதியாளரிடம் காட்டி, பத்தாம் மாதத் தவணையைப் பிரித்து முன்கூட்டித் தரும்படி கேட்டார்கள். ஆறாம் மாதமே ஒரு பகுதி வந்தது. ஆறு மாதம் முன்னால் கேட்டதால்தான் அது முடிந்தது.

மூன்றாவது, ‘வரும்’ என்று ஓரமாக வைத்த பணம். புள்ளியியல் படித்தவர்கள், 20 லட்ச மானியம் கிடைக்கப் பாதி வாய்ப்பு என்றால் 10 லட்சம் என்று எழுதுவார்கள். அந்த 10 லட்சம் ஒருநாளும் வராது. ஒன்று 20 வரும், இல்லையென்றால் சுழியம். சின்னச் சின்ன நன்கொடைகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் சராசரி பேசலாம். பெரிய மானியம் ஒன்றிரண்டுதான் என்றால் இரண்டு பட்ஜெட் போடுங்கள்: வந்தால் இது, வராவிட்டால் இது. எந்தத் தேதிக்குள் தெரியாவிட்டால் இரண்டாவதுக்கு மாறுவோம் என்ற தேதியையும் அதிலேயே எழுதுங்கள்.

நிர்வாகச் செலவைக் கேட்கத் தயங்காதீர்கள். அமெரிக்க மத்திய அரசின் மானியங்களில், தனியாகப் பேசி முடித்த விகிதம் இல்லாத நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய மறைமுகச் செலவு 10 சதவீதமாக இருந்தது. 2024 அக்டோபரிலிருந்து 15 ஆக உயர்த்தப்பட்டது. கணக்கர் இல்லாமல் கணக்கு இல்லை என்பது பெரிய நிதியாளர்களுக்கும் தெரியும். மூன்றாவது படியின் தாள் கையில் இருந்தால் கூச்சமில்லாமல் பேசலாம்.

9. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க முடியாவிட்டால் சீட்டுக் குலுக்குங்கள்

மூன்றாண்டில் 60 கிராமம் என்றால் முதல் ஆண்டு 20தான் முடியும். எந்த 20? வழக்கமாகச் சாலை வசதி உள்ளவை, தெரிந்தவர் இருப்பவை. பிறகு அவற்றை மீதி 40உடன் ஒப்பிட்டால் வித்தியாசம் நம் வேலையால் வந்ததா, சாலையால் வந்ததா என்று சொல்ல முடியாது.

மெக்சிகோ அரசு 1997இல் தொடங்கிய புரோகிரெசா உதவித் திட்டத்தின் மதிப்பீட்டுக்கு 506 கிராமப்புறச் சமூகங்களை எடுத்தார்கள். குலுக்கல் முறையில் 320 முதலில், 186 பிறகு. கடைசியில் எல்லோரும் பெற்றார்கள். காத்திருந்த காலம் ஒப்பீட்டுக்கு உதவியது. நாமும் 60 பெயரையும் மக்கள் முன்னிலையிலேயே குலுக்கி எடுக்கலாம். யார் சிபாரிசு என்ற பேச்சுக்கும் இடமிருக்காது. உயிருக்கு ஆபத்தான தேவையுள்ள கிராமம் இருந்தால் அதைக் குலுக்கலுக்கு வெளியே எடுத்து, முதலிலேயே சேர்த்துவிட வேண்டும். அதைக் காத்திருக்க வைக்க எந்த ஆய்வுக்கும் உரிமை இல்லை.

10. நிர்வாகக் குழுவின் முன்

பத்து நாள் முன்னதாகத் தாள்களை அனுப்புங்கள். பொருளாளரோடு தனியாக ஒரு மணி நேரம் உட்காருங்கள். எண்களில் அவருக்குச் சந்தேகம் இருந்தால் கூட்டத்தில் வேறெதுவும் நகராது. திட்டம் பன்னிரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். முதல் பக்கத்தில் அவர்கள் எடுக்க வேண்டிய முடிவுகள் மட்டும்: இதை நிறுத்துகிறோம், இதைத் தொடர்கிறோம், இந்தத் தேதியில் இரண்டாவது பட்ஜெட்டுக்கு மாறுவோம்.

தொலைநோக்கு வாசகத்தை இப்போது எழுதுங்கள். எதைக் காப்பாற்றுவோம் என்று தெரிந்துவிட்டதால் அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம்.

11. காலாண்டுக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம்

ஒப்புதல் கிடைத்த நாளிலேயே அடுத்த நான்கு காலாண்டுக் கூட்டங்களின் தேதியைக் குறித்துவிடுங்கள். மூன்று தாள் போதும்: மாதவாரிக் கையிருப்பு, ஒரு ஆளுக்கு ஆகும் செலவு, சிவப்பு வட்டம் போட்ட அனுமானங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் எதிரே ‘உண்மையானது’, ‘பொய்யானது’, ‘இன்னும் தெரியாது’ என்று ஒரு சொல். ஓர் ஆண்டு கழித்தும் எல்லாமே ‘இன்னும் தெரியாது’ என்றால், அளக்கும் வேலை நடக்கவில்லை என்று பொருள்.

களப்பணியாளர் ஒருவராவது அந்தக் கூட்டத்தில் இருக்கட்டும். நோட்டு வைத்திருந்தவரைப் பற்றிச் சொன்னேனே, அவருடைய நிறுவனத்தில் இரண்டாவது காலாண்டுக் கூட்டத்தில் அவரே அந்த மூன்று ஃபார்ம்களையும் மேசையில் விரித்துக் காட்டினார். 26 கேள்விகளில் 19 மூன்றிலும் பொதுவாக இருந்தன. இயக்குநர் மூன்று நிதியாளர்களுக்கும் கடிதம் எழுதினார். இருவர் ஒரே ஃபார்முக்கு ஒத்துக்கொண்டார்கள். அடுத்த முறை நேரம் குறித்தபோது அந்த வேலை 22 மணியிலிருந்து 9 மணிக்கு வந்திருந்தது. மிச்சமான நேரத்தில் ஒரு வகுப்பு கூடுதலாக நடக்கிறது, செவ்வாயும் வெள்ளியும்.